தோப்பு லாரியும் அதன் கைவைத்தியமும்

1986-இல் விற்பனைக்கு வந்த டாடா 407 வகையைச் சேர்ந்த பழைய சிறு லாரியொன்று, ஆனைமலைப் பக்கத்துத் தோப்பொன்றிலிருந்து பொள்ளாச்சிக்குத் தேங்காய் சுமந்து இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. அதை ஒரு வாரம் நானே ஓட்டிப் பார்த்தேன். நான்கு சிலிண்டரும் ஏறக்குறைய 3 லிட்டர் கொள்ளளவும் கொண்ட டீசல் எஞ்சின் திடமாகவே இருக்கிறது. மற்ற அங்கங்களோ வயோதிகத்தால் நலிந்து, தோப்புக்காரர் கைக்கு அகப்பட்டதைக் கொண்டு செய்த உபாயங்களாலேயே ஜீவித்திருப்பதால், அவ்வுபாயங்களைப் பரீட்சித்துச் சொல்வதே என் நோக்கம்.

துருவேறி ஊசித்துளை விழுந்த டீசல் டேங்கின் அடியில் சலவை சோப்பைப் பிசைந்து அப்பியிருந்தார்கள். சோப்பு டீசலில் எளிதில் கரையாதாகையால் நாலு நாள் ஒரு சொட்டும் கசியவில்லை. ஐந்தாம் நாள் மழையில், சக்கரம் வாரியடித்த தண்ணீருக்குச் சோப்பு கரைந்துபோக, டீசல் நெடி உடனே மூக்கில் ஏறிற்று. ரேடியேட்டருக்கு மஞ்சள் தூள்: தண்ணீரோடு ஓடி, கசியும் வாயில் ஊறித் திரண்டு அடைத்துக்கொள்ளும் அற்புதமான வைத்தியம் அது, ஆயினும் அதே தூள் மெல்லிய குழல்களிலும் படிந்து உஷ்ணத்தை வெளியேறவொட்டாமல் தடுக்குமாதலால், கசிவுக்கு ஈயப்பற்று வைத்து உட்புறத்தை அலசுமட்டும் வெப்பமானியின் முள்ளைக் கவனித்தே ஓட்டவேண்டும். இவ்விரண்டும் கெடும்போது முன்கூட்டியே அறிவித்துவிட்டுக் கெடுகின்றன. ஆகையால் பட்டறை சேரும்வரை இவற்றை நம்பலாமென்பது என் அபிப்பிராயம்.

லாரியின் ஸ்பிரிங் பட்டை அடுக்கில் கீழ்ப்பட்டையொன்று முறிந்தபோது கம்பியால் இறுகக் கட்டி, சுமையைப் பாதியாகக் குறைத்து, மெதுவாக வந்து சேர்ந்தோம். முறிந்தது மெயின் பட்டையாயிருந்தால், அச்சைத் தன் இடத்தில் நிறுத்திவைப்பதே அதுவாகையால், வண்டியை ஓரங்கட்டியிருப்பேன்.

என் மனத்தை வருத்தியது பிரேக்தான். கசிந்த சக்கரத்துக்குச் செல்லும் குழாயைச் சுத்தியலால் நசுக்கி அடைத்து, திரவம் குறைந்தபோது எஞ்சின் ஆயிலை ஊற்றியிருந்தார்கள். அந்த எண்ணெய் ரப்பர் வாஷர்களை உப்பச்செய்து, எஞ்சிய சக்கரங்களின் பிரேக்கையும் சொல்லாமற்கொள்ளாமல் கெடுத்துவிடும். கண்டவுடனே சாவியைக் கழற்றித் தோப்புக்காரரிடம் கொடுத்துவிட்டேன். பழைய லாரி வைத்திருக்கும் அன்பர்களே, பிரேக் குழாயை நசுக்கிய வண்டியைத் தோப்பைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். அன்றைக்குத் தேங்காய் மரத்தடியிலேயே கிடக்கட்டும்.