உறைந்த வல்லாரை

ஓப்பநாயக்கப் பக்கத்தில் வல்லாரைச் சம்பலை மிஞ்சிய பச்சைக்கறி கிடையாது என்பேன். பொடிப்பொடியாக அரிந்த இலை, துருவிய தேங்காய், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, இருந்தால் கொஞ்சம் மாசி. தேசிக்காய்ப் புளி கடைசியில்தான். அடுப்பே வேண்டாம். ஆனால் வாங்கிய கட்டு சீக்கிரமே மஞ்சளடிக்கத் தொடங்கும். இரத்தினபுரி மாவட்டத்து மழையில் நனைந்து வந்ததென்றால் அழுகியே போகும்.

உறையவைத்துக் காப்பாற்றலாம், சம்பலுக்கு ஆகாது. இலைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகும்போது கூர்கூராக வளர்ந்து கலங்களின் சுவரைக் கிழித்துவிடும். உருகியதும் இலை ஈரத்துணி மாதிரித் துவண்டு கிடக்கும். மணம் மட்டும் பெரும்பாலும் தப்பிக்கும்.

அந்த மணத்துக்கு ஏற்ற இடம் இலைக்கஞ்சி, சிங்கள அயலவர் சொல்லும் கொலகெந்த. இலையைக் கொதிநீரில் சற்றே முக்கி எடுத்து, குளிர்நீரில் போட்டு, பிழிந்து அரைத்து ஐஸ் தட்டில் ஊற்ற வேண்டும். நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதியங்களை அடக்குவது அந்தக் கொதிநீர்தான். சோம்பலில் அதைத் தவிர்ப்பவர்களுக்குச் சில வாரங்களில் வைக்கோல் வாசனைதான் மிஞ்சும். காலையில் சிவப்பரிசிக் கஞ்சி கொதிக்கையில் இரண்டு கட்டி போட்டு, தேங்காய்ப்பால் விட்டு இறக்கினால் போதும். கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டி. சப்ரகமுவவில் இருந்துகொண்டு சீனி தேடுவது பாவம்!

கறிவேப்பிலையும் ரம்பையும் இந்தப் பாடெல்லாம் கேட்பதில்லை. கழுவி, நன்றாகத் துடைத்து, பையில் போட்டுக் காற்றை அமுக்கி வெளியேற்றி உறையவிடலாம். உருகக் காத்திராமல் அப்படியே தாளிப்பில் போடலாம். துடைப்பதில் அவசரப்பட்டால் எண்ணெய் முகத்துக்கே தெறிக்கும்.