சத்தமில்லாத தோட்டாவும் சம்பாவத்துப் புலியும்

போன மாதம் உடுமலைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியப்பா மகன் திருப்பூர் வந்திருந்தார். பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது போனை நீட்டி ஒரு வீடியோ காட்டினார். வெளிநாட்டுக்காரர் ஒருவர் பெரிய குழல் ரைபிளுக்குத் தானே தோட்டா தயாரிக்கிறார். மருந்தைக் குறைத்துக் கட்டி, கனமான குண்டு வைத்துச் சுடுகிறார். கதவைச் சாத்தின மாதிரி ஒரு 'டப்', அவ்வளவுதான்.

"தம்பி, இது நம்மூருக்கு வந்தா பன்னித் தொல்லை ஓஞ்சுருமில்ல? ராத்திரியில ஒருத்தருக்கும் தெரியாது."

மக்காச்சோளத்தைப் பன்றிக்குப் பறிகொடுத்தவர் கேட்கிற கேள்வி இது. சிரித்து ஒதுக்க முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஜிம் கார்பெட்டை எடுத்தேன். 1944-ல் ஆங்கிலத்தில் வந்த புத்தகம், தமிழில் தி.ஜ.ர. 'குமாயுன் புலிகள்' என்று மொழிபெயர்த்தது. சின்ன வயதிலிருந்து எத்தனை தரம் படித்தேனோ தெரியாது, ஆனால் இந்தக் கேள்வியோடு படித்ததில்லை.

முதலில் சத்தக் கணக்கைப் பார்த்துவிடுவோம். துப்பாக்கிச் சத்தம் என்பது இரண்டு சத்தம். குழல் வாயில் வாயு பீறிட்டு வெளியேறுவது ஒன்று. குண்டு ஒலியை முந்திக்கொண்டு பறப்பதால் வழியெல்லாம் சாட்டை சொடுக்கின மாதிரி எழுவது இன்னொன்று. காற்றில் ஒலியின் வேகம் 20 டிகிரியில் நொடிக்கு 343 மீட்டர், நம்மூர் வெயிலில் 35 டிகிரி என்றால் சுமார் 352. குண்டு அதற்குக் கீழே போனால் இரண்டாவது சத்தம் பிறக்காது. மருந்து குறைவதால் முதல் சத்தமும் தணியும். வீடியோவின் ரகசியம் இதுதான்.

அதற்குக் கொடுக்கிற விலை என்ன? சேலம், தர்மபுரிக் காடுகளைப் பற்றி நிறைய எழுதிய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். அதன் குண்டு 19 கிராமுக்குச் சற்று அதிகம், வேகம் நொடிக்குச் சுமார் 670 மீட்டர். ஆற்றல் ஏறக்குறைய 4,350 ஜூல். அதே குண்டை 320 மீட்டர் வேகத்துக்கு இறக்கினால் 1,000 ஜூல்கூடத் தேறாது. வேகம் பாதியானால் ஆற்றல் கால்வாசி ஆகிவிடும். இதைக் கொஞ்சமாவது ஈடுகட்டத்தான் பெரிய குழலும் கனமான குண்டும். இன்னொன்றும் இருக்கிறது. 100 மீட்டர் போவதற்குள் வேகமான குண்டு ஒரு சாண்கூட இறங்காது, மெதுவானது ஒரு முழத்துக்கு மேல் இறங்கிவிடும். இருட்டில் தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தால் நெஞ்சுக்குப் பார்த்தது வயிற்றில் படும்.

இப்போது சம்பாவத் கதைக்கு வருவோம். 1907. நேபாளத்திலும் குமாவோனிலுமாக 400-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பெண்புலி. கார்பெட் கடைசியில் அதைச் சுட்டபோது கையில் இருந்தது மூன்றே தோட்டா. மூன்றும் தீர்ந்தது, புலி சாகவில்லை. தாசில்தாரிடம் ஓடிப் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்குகிறார். குழலுக்கும் பூட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிகிற துப்பாக்கி. கிட்டப் போய், திறந்த வாயைக் குறிபார்த்துச் சுடுகிறார். குண்டு வாயில் படாமல் முன்னங்காலில் படுகிறது. அது எவ்வளவு ஆழம் போயிருந்தது தெரியுமா? பிறகு அதைத் தன் விரல் நகத்தாலேயே எடுத்ததாக எழுதுகிறார்! புலி செத்தது ஏற்கெனவே பட்டிருந்த இரண்டு குண்டுகளால்.

நாம் சிரித்துக்கொண்டே தாண்டிப்போகிற இடம் இது. கார்பெட்டும் தன்னைத்தானே கேலி செய்துகொள்கிற மாதிரிதான் சொல்கிறார். என் வாசிப்பில் கதையின் மையமே இதுதான். ஏனென்றால் அதே கதையில் இன்னொரு குண்டும் இருக்கிறது. செத்த புலியின் வாயைப் பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. பழைய குண்டுக் காயம். இயல்பான இரையைப் பிடிக்க முடியாமல் அது மனிதனைத் தேடி வந்தது அதனால்தான் என்கிறார். கொல்லாமல் விட்ட குண்டு அது.

அந்தக் குண்டைச் சுட்டது யார்? புத்தகத்தில் பதில் இல்லை. தாசில்தார் துப்பாக்கியின் ஓட்டைக்குக்கூட இடம் இருக்கிறது, 400 சாவுக்கு முதல் காரணமான ஆளுக்கு ஒரு வரிகூட இல்லை. கார்பெட்டைப் பற்றி எனக்கு இருக்கிற பெரிய குறை இது. இவ்வளவு கூர்ந்து பார்க்கிறவர், கடைசிக் குண்டை விவரிக்கிற அக்கறையில் பாதியாவது முதல் குண்டுக்குக் காட்டியிருக்கலாம். ஆண்டர்சனின் ஜவளகிரிக் கதையிலும் பெண்புலி முதலில் காயம்பட்டுத் தப்புகிறது, பிறகுதான் ஆட்கொல்லி ஆகிறது. வேட்டை இலக்கியத்தில் நாயகன் எப்போதும் கடைசியாகச் சுட்டவன். கணக்கைத் தொடங்கி வைத்தவன் இருட்டிலேயே போய்விடுகிறான்.

சத்தமில்லாத தோட்டாவின் ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. முதல் குண்டுக்காரனை அது இன்னும் நன்றாக மறைத்துவைக்கும்.

நியாயமாகச் சொல்வதென்றால் அந்த வீடியோக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் சுடுவது காகித அட்டையை. காதுக்கு நல்லது, அட்டைக்கு வலிக்காது. மிகக் கிட்டத்தில், சரியான இடத்தில் பட்டால் மெதுவான குண்டும் பன்றியைக் கொல்லும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் தப்பு நேர்ந்தால் தாங்கிக்கொள்ள அதில் மிச்சம் இல்லை. மருந்து ரொம்பக் குறைந்துபோனால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும், அடுத்ததைச் சுட்டால் சுடுகிறவன் கையே போகும். உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ம் வருடத்து ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பது தனி.

சம்பாவத்தில் தாசில்தார் 298 பேரைத் திரட்டினார். பறையடித்து, கூச்சல் போட்டு, கையிலிருந்த துப்பாக்கிகளையெல்லாம் வெடித்தார்கள். வேட்டைக்கு உதவிய சத்தம்தான், ஆனாலும் அதில் இன்னொரு பயன் உண்டு. என்ன நடக்கிறது, யார் செய்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்தது. காயம்பட்ட மிருகம் எந்தப் பக்கம் போயிருக்கும் என்று அக்கம்பக்கத்துக்குச் சொல்வதும் அந்த வெடிச்சத்தம்தான். அது கேட்காவிட்டால் மறுநாள் காலையில் சோளத்தட்டுக்குள் முதலில் நுழைவது களை எடுக்க வருகிற பொம்பளைகள்.

அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அது அப்படி இல்லீங்ணா. செத்துப்போனா சரி. சாகாம அடிபட்டு உங்க சோளத்துக்குள்ளயே படுத்துக்கிச்சுன்னா? சத்தமே கேக்காத பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு யாருங் சொல்றது?"

2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டையும் நினைவுபடுத்தினேன். காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது, 1 முதல் 3 வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், 3-க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். மெதுவாக நடக்கும், எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் யார் சுட்டார்கள் என்பதற்கு அங்கே ஒரு பதில் இருக்கும்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் சொன்னார்: "செரி, மனுவே குடுக்கறேன். வந்து சுட்டாங்கன்னா சத்தம் கேக்குமில்ல, பொம்பளையாளுகள அன்னிக்கு வேண்டாம்னு சொல்லிப்போடலாம்."