பாவையும் பரிகாசமும்

கலைகளுள் பாவைக்கூத்தைப் போல எளிதிற் புறக்கணிக்கப்பட்டது பிறிதொன்றில்லை எனலாம். நாடக வரலாறு எழுதுவோர் அதற்கு இரண்டொரு வரிகளை ஒதுக்குவர். ஆசிரியர்களோ அதனைப் பாலர் வகுப்புக்கு உரியதென்று விட்டுவிடுவர். இன்று இப்புறக்கணிப்பு புதியதொரு வடிவத்தையும் எடுத்துள்ளது. விடுமுறை நாட்களில் மாணவர் சிலர் பழைய காலுறைகளையும் அட்டைத்தாளையும் கொண்டு பாவைகள் செய்கின்றனர். வீட்டு மேசையை அரங்காக்கி, கையடக்கத் தொலைபேசியிற் படம்பிடித்து, அவற்றை நகைச்சுவைத் தொடர்களாக இணையத்தில் ஏற்றுகின்றனர். பெரியவர்கள் இதனைப் பொழுதுபோக்கு என்னும் ஒரு சொல்லாற் கடந்து செல்கின்றனர். பொழுதுபோக்குத்தான், மறுப்பார் இல்லை. ஆயினும் ஒரு சமுதாயம் எதைக் கண்டு சிரிக்கின்றது என்பதைக் கொண்டு அச்சமுதாயத்தை அறிந்துகொள்ளலாம். ஆகவே இவ்வீட்டுப் பாவைகளையும் விமரிசனக் கண்கொண்டு நோக்குதல் வேண்டும்.

திருக்குறளில் மரப்பாவை இரு இடங்களில் உவமையாக வருகின்றது. நாணமற்றோரின் நடமாட்டமும் (1020), இரப்பார் இல்லாத உலகின் இயக்கமும் (1058) அதற்கு ஒப்பிடப்படுகின்றன. இரண்டிடத்தும் பாவை என்பது உயிர்ப்போலி. உள்ளே ஒன்றுமில்லாத வெறும் அசைவு. புலவர் கண்ட பாவை இது. ஆனால் பாவையை ஆட்டிப் பிழைத்த மக்கள் அதனிடம் வேறொரு பண்பைக் கண்டனர். உயிருள்ளவன் சொல்ல அஞ்சுவதை உயிரற்றது சொல்லிவிடும் என்பதே அது.

பிரான்சின் லியோன் நகரத்து லோறன் மூர்கேயின் (1769–1844) கதை இதனை விளக்கும். அவர் பட்டு நெசவாளர். புரட்சியை அடுத்துப் பட்டுத்தொழில் நலிந்தபோது வேலையிழந்து தெரு வியாபாரியானார். பின்னர் பல் பிடுங்குபவரானார். வாடிக்கையாளரைக் கவர்வதற்காக அவர் ஆட்டத் தொடங்கிய கைப்பாவைகளிலிருந்து 1808 அளவிற் பிறந்தவனே கினியோல். அவனும் நெசவாளி, அவனுடைய தோழன் குடிப்பிரியனான ஒரு செருப்புத் தைப்பவன். இவ்விருவரும் வீட்டுக்காரனையும் காவலனையும் எள்ளி நகையாடியபோது நெசவாளர் குடியிருப்புக்கள் சிரித்தன. அந்தச் சிரிப்பு அரசின் செவியிலும் விழுந்தது. அவ்வப்போது இட்டுக்கட்டிப் பேசப்பட்டுவந்த பாவைக்கூத்துக்களை எழுதித் தணிக்கைக்குச் சமர்ப்பிக்க வேண்டுமென 1852இல் ஆணை பிறந்தது. மரத்துண்டின் வாய்க்கு ஓர் அரசு அஞ்சிற்று என்றால், அக்கலையைச் சிறுபிள்ளை விளையாட்டென்று நாம் எவ்வாறு தள்ளலாம்?

நம் நாட்டிற்கும் இக்கலை புதியதன்று. அம்பலாங்கொடைப் பகுதியில் வழிவழியாக ஆடப்பட்டுவரும் ரூகட நாட்டியத்தை 2018இல் யுனெஸ்கோ மானிட குலத்தின் மரபுரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. எனினும், மரபென்று போற்றிப் பேழையில் வைப்பது ஒன்று. இன்றைய வாழ்வைப் பேச அதனைக் கையிலெடுப்பது வேறொன்று. நாம் இங்கு கருதுவது பின்னதையே.

வீட்டிற் செய்த பாவைகள் இணையத்தில் எதனைச் சாதிக்கலாம் என்பதற்கு இரண்டு தொடர்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் 2011ஆம் ஆண்டிலே தொடங்கின. ஒன்று இங்கிலாந்திற் பிறந்தது. மற்றது சிரிய மக்களுடையது.

முதலாவது, பெக்கி சுலோன், ஜோ பெலிங் என்னும் இரு கலைப் பட்டதாரிகள் நண்பரோடு சேர்ந்து, பண வசதியெதுவும் இன்றி, ஓய்வு நேரத்தில் உருவாக்கிய 'டோன்ட் ஹக் மீ ஐம் ஸ்கேர்ட்'. 'என்னைக் கட்டியணைக்காதே, எனக்குப் பயமாயிருக்கிறது' என்பது அதன் பொருள். தொலைக்காட்சியின் சிறுவர் நிகழ்ச்சி போன்றே அது தொடங்குகின்றது. சமையலறை மேசையைச் சுற்றி மூவர் இருக்கின்றனர். ஒரு கொப்பி உயிர்பெற்று, படைப்பாற்றல் என்றால் என்னவென்று இனிமையாகப் பாடிக் கற்பிக்கின்றது. மஞ்சள் நிறத்துப் பாவை தனக்குப் பிடித்த பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்ததும், பச்சை படைப்பாற்றலுக்கு உரிய நிறமன்று எனக் கொப்பி தீர்ப்புக் கூறுகின்றது. அப்பாவை ஆவலோடு தீட்டிய ஓவியத்தின்மேல் கருந்திரவம் வழிகின்றது. சற்றுப் பொழுதில் அந்த இனிய பாடம் பயங்கரக் கனவாகின்றது.

இத்தொடரின் நகைச்சுவை ஆசிரியர்களாகிய நம்மை நோக்கியே எறியப்பட்டிருக்கின்றது. "சுயமாக எழுது" என்று கட்டுரைப் பாடத்திற் சொல்லிவிட்டு, கரும்பலகையில் முன்மாதிரிக் கட்டுரையை எழுதிப்போடும் வகுப்பறைகள் எத்தனை? சுதந்திரத்தைப் போதித்துக்கொண்டே நிறத்தையும் விதித்துவிடும் கல்வியை ஒரு பஞ்சுப்பொம்மை மூன்று நிமிடங்களில் அம்பலப்படுத்திவிட்டது. ஆயினும் இத்தொடரிடம் ஒரு குறையும் உண்டு. கற்பிப்போரின் கொடுமை எங்கிருந்து பிறக்கின்றது, அதனால் இலாபமடைவோர் யாவர் என்னும் வினாக்களை அது தொடுகின்றதேயொழிய விடைதேடிச் செல்வதில்லை. திகிலே முடிவாகிவிடுகின்றது. 2014இல் பொதுமக்களிடம் பணம் திரட்டி, 2016இல் ஆறாவது பகுதியோடு அது நிறைவுற்றது. 2022இல் சனல் 4 தொலைக்காட்சிக்கும் சென்றது.

இனி, சிரியத் தொடர். 2011இல் சிரியாவில் மக்கள் வீதிக்கு இறங்கினர். அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் அலி பர்சாத் என்னும் கேலிச்சித்திரக்காரரைப் பிடித்து அவருடைய கைகளை முறித்தனர். கேலியை ஆட்சி எவ்வாறு எதிர்கொள்ளும் என்பதற்கு அதுவே அறிவித்தல். மூன்று மாதங்களின் பின், 'மஸாஸித் மாத்தி' என்னும் குழுவினர் தம் பெயர்களை மறைத்துக்கொண்டு விரற்பாவைத் தொடரொன்றை யூரியூப்பில் வெளியிட்டனர். மாத்தி என்பது சிரியர் விரும்பி அருந்தும் ஒருவகைப் பானம். அதனை உறிஞ்சும் குழலின் பெயரையே குழு சூட்டிக்கொண்டது. முதற்பருவம் பதின்மூன்று சிறு பகுதிகள். விரற்பாவையைத் தேர்ந்தமைக்குக் காரணம் அழகியல் மாத்திரமன்று: சோதனைச் சாவடிகளூடாகச் சட்டைப்பையில் மறைத்துக் கொண்டுசெல்லலாம், ஆட்டுபவரின் முகமும் தெரியாது.

சனாதிபதி பஷார் அல் அசாத் அங்கே 'பீஷு' ஆகின்றார். குழந்தையைக் கொஞ்சும் பெயர். பீஷு கெட்ட கனவு கண்டு நடுங்குகின்றான். இலட்சாதிபதியாக்கும் வினாவிடைப் போட்டியின் கேலிவடிவில், இலட்சக்கணக்கானோரைக் கொல்லும் போட்டியிற் கலந்துகொள்கின்றான். வீதிக்கு வீதி படமாகத் தொங்கிய முகம் ஒரு விரல் உயரத்துக்குச் சுருங்கிவிடுகின்றது. அச்சம் என்பது அளவைப் பொறுத்தது. கொடுங்கோலனின் அளவைக் குறைத்ததே இத்தொடரின் வெற்றி. கொடுமையைத் தனியொருவனின் பித்தாகக் காட்டும் அபாயம் இத்தகைய கேலியில் எப்போதும் உண்டு. ஆனால் தலைவனின் பக்கத்தில் அவனுடைய அடியாளையும் நிறுத்தியதன்மூலம், ஆட்சி எவருடைய கைகளால் நடக்கின்றது என்பதையும் கலைஞர்கள் காட்டினர். பாவைகள் அவ்வாட்சியை வீழ்த்தவில்லை; அது 2024 டிசெம்பர் 8ஆம் நாளன்றே வீழ்ந்தது. இடையில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். கலை துப்பாக்கிக்கு ஈடாகாது. ஆனால் அச்சத்தாற் பூட்டப்பட்ட வாயைச் சிரிப்பினால் திறக்கலாம் என்பதை இவ்விரற்பாவைகள் நிறுவின.

நிற்க. இவ்விரு தொடர்களிலிருந்தும் ஓர் அளவுகோல் நமக்குக் கிடைக்கின்றது. பரிகாசம் மேல்நோக்கிப் பாய்கின்றதா, கீழ்நோக்கி விழுகின்றதா என்பதே அது. நம் சினிமாவின் நகைச்சுவையிற் பெரும்பகுதி கீழ்நோக்கியே விழுகின்றது. கறுத்தவர், பருத்தவர், திக்கிப் பேசுபவர், பட்டிக்காட்டார், ஏழை: அடிவாங்குபவர் இவர்களே. வலியவன் உதைக்க எளியவன் உருளுவதைக் கண்டு அரங்கு சிரிக்கின்றது.

இவ்வளவுகோலைக் கொண்டு, நாமறிந்த மாணவர் சிலர் டிசெம்பர் விடுமுறையிற் செய்த ஐந்து பகுதித் தொடரொன்றை மதிப்பிடலாம். அதன் நாயகன் பொத்தான் கண்களையுடைய ஒரு காலுறைப் பாவை. விடியுமுன் எழுந்து பிரத்தியேக வகுப்புக்கு ஓடுகின்றான். புத்தகப்பை அவனைவிடப் பெரிது. பகுதிக்குப் பகுதி அது வளர்ந்துகொண்டே போகின்றது. பாடசாலையில் அவன் வினா எழுப்பும்போதெல்லாம் ஆசிரியப் பாவை, "அது பின்னேர வகுப்பிற்குரிய கேள்வி" என்று புன்னகைக்கின்றது. பின்னேர வகுப்பில் அதே பாவை அதே விடையைக் காசுக்கு விற்கின்றது.

இதனைக் கண்டு ஆசிரியர் சிலர் வெகுண்டனர். ஆசிரியத் தொழிலையே மாணவர் இழிவுபடுத்திவிட்டதாகக் கூறி, தொடரை நீக்கவேண்டும் என்றனர். நாம் இக்கூற்றை ஏற்கவில்லை. இலவசக் கல்வியுள்ள நாட்டில், பகலில் தரவேண்டியதை மாலையில் விலைபேசுவதே தொழிலுக்கு இழிவு. அதனைக் கண்டு சிரிப்பது இழிவன்று. வாழ்க்கைச் செலவுக்கு எட்டாத சம்பளமும், பிள்ளைகளைப் போட்டியில் மோதவிடும் பரீட்சை முறையும் இதற்குப் பின்னணி என்பது உண்மையே. அப்பின்னணியை மாணவர் காட்டவில்லை எனக் குறை கூறலாம். ஆனால் அவர்கள் கண்டதைக் காணவில்லை என்று சொல்லும் உரிமை நமக்கில்லை.

தொடரின் மெய்யான குறை வேறிடத்தில் உள்ளது. நான்காம் பகுதியில் பையனின் வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண் மலையகப் பேச்சிற் பேசுகின்றாள். அந்தப் பேச்சே அங்கு நகைச்சுவை. வேறெதனையும் அவள் செய்வதில்லை. நூறாண்டுகளுக்கு மேலாக இந்நாட்டுக்குச் செல்வம் ஈட்டித்தந்த மக்களின் மொழி எதற்காகச் சிரிப்புக்குரியதாதல் வேண்டும்? மூன்று பகுதிகள் மேல்நோக்கிச் சென்ற பரிகாசம் இங்கே தடம்புரண்டு கீழே விழுந்துவிட்டது. இறுதிப் பகுதியில் ஆசிரியப் பாவையை எல்லோரும் உதைப்பதும் சினிமாவிடம் பெற்ற கடனே. புத்தகப்பை வளர்வது மாணவர்களின் சொந்தக் கற்பனை; உதை இரவல். சொந்தமானது நின்று நிலைக்கின்றது. இரவல் மறுநாளே மறந்துபோகின்றது.

இதற்கொரு காரணமும் உண்டு. முதற்பகுதியைப் பார்த்தோர் சிலரே. உதையும் கேலிப்பேச்சும் வந்தபின் பார்வையாளர் பெருகினர். காலுறையும் தொலைபேசியும் மாணவரின் கையிலிருக்கலாம். காட்டும் மேடை அவர்களுடையதன்று. 2005இல் தொடங்கிய யூரியூப், 2006இல் கூகிள் நிறுவனத்தின் சொத்தாயிற்று. விளம்பரமே அதன் முதன்மை வருவாய். அங்கு எண்ணிக்கையே தரம். விருப்பக்குறிகளை எண்ணத் தொடங்கும் கலைஞன் தன் பாவையின் கயிற்றை இன்னொருவனிடம் கொடுத்துவிடுகின்றான். எனவே இத்தகைய தொடர்களை வாசிகசாலைகளிலும் பாடசாலை மண்டபங்களிலும் நேரிற் காட்டி விவாதிக்கும் வழக்கம் உருவாதல் வேண்டும். சிரித்தவரின் முகத்தைக் கண்ட கலைஞனுக்கே தன் சிரிப்பு யாரைச் சுட்டது என்பது விளங்கும். மலையகப் பிள்ளையொன்று பக்கத்தில் இருந்து பார்க்கும் மண்டபத்தில் அந்த நான்காம் பகுதி எவ்வாறு சிரிப்பை எழுப்பியிருக்கும்?

அடுத்த விடுமுறையிலும் மாணவர் பாவை செய்வர், செய்யட்டும். ஆசிரியர் அவர்களுக்கு நிறம் விதிக்க வேண்டியதில்லை. தம்மைக் கேலிசெய்யும் பாவையைப் பார்த்துச் சிரிக்கும் துணிவு பெற்றாற் போதும். மாணவர் நினைவிற் கொள்ளவேண்டியதும் ஒன்றே: பாவையின் வாயை அசைப்பது தம் கை, அந்தக் கை யாருடைய பக்கத்தில் நிற்கின்றது என்பதைத் தீர்மானிக்க வேண்டியவர்களும் அவர்களே.