எண்கள் வெளியாகின்றன; பொருள் வெளியாகிறதா?

இந்தியாவில் 1881 முதல் 2011 வரை பத்தாண்டுக்கு ஒரு முறை தவறாமல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்து வந்தது. 2011-இல் ஏறத்தாழ 27 லட்சம் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று 121 கோடி மக்களைக் கணக்கிட்டனர். அவ்வுழைப்பின் பயன் அட்டவணைகளாக வெளியிடப்பட்டுள்ளது. தனிமனிதர் தந்த விவரங்களை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் இரகசியமாகக் காக்கிறது; கூட்டுத்தொகைகளே வெளிவருகின்றன. இவை பாராட்டுக்குரியவை. ஆனால் அட்டவணையை வெளியிடுவதும் அதன் பொருளை மக்களிடம் சேர்ப்பதும் ஒன்றல்ல.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 1981-இல் நாட்டின் எழுத்தறிவு ஏறத்தாழ 36 விழுக்காடு என்று ஒரு நூலிலும், 1991-இல் 52 விழுக்காடு என்று மற்றொரு நூலிலும் படிக்கிறீர்கள். பத்தாண்டில் 16 புள்ளி உயர்வு என்று மகிழ்வீர்கள். உண்மை வேறு. முதல் எண் கைக்குழந்தைகள் உட்பட எல்லோரையும் கொண்டு வகுத்தது. இரண்டாவது, ஏழு வயதும் அதற்கு மேற்பட்டவர்களையும் மட்டும் கொண்டு வகுத்தது. ஒரே அளவுகோலால் அளந்தால் 1981-இன் எண் 43.6 ஆகும். உயர்வு ஒன்பது புள்ளிக்கும் குறைவே. இதை அடிக்குறிப்பில் ஒதுக்குவது முறையா?

சராசரியும் உண்மையை மறைக்கக்கூடும். ஆறு வயதுக்குட்பட்டோரில் ஆயிரம் சிறுவர்களுக்குச் சுமார் 950 சிறுமிகள் இருப்பது இயற்கை. 2001-இல் தமிழ்நாட்டின் எண் 942. கவலைக்கு இடமில்லை என்று தோன்றும். ஆனால் சேலம் மாவட்டத்தின் எண் சுமார் 850! ஆயிரத்துக்கு நூறு சிறுமிகள் குறைவு. பெண்சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும் இம்மாவட்டத்தில்தான். மாநில எண்ணை மட்டும் அச்சிடும் பாடநூல் அந்தக் குழந்தைகளை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

மொழியும் ஒரு தடை. அட்டவணைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே உள்ளன. தம்மைப் பற்றிய விவரத்தைத் தமிழில் சொன்ன கிராமத்து மக்கள், அதன் முடிவைத் தமிழில் படிக்க உரிமையற்றவர்களா?

இன்னொன்று. 2021-இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாத் தொற்றால் தள்ளிப்போயிற்று. அடுத்ததற்கு 2027 குறிக்கப்பட்டது. எனவே 2011-க்குப் பிந்திய ஆண்டுகளுக்கு நாம் படிக்கும் மக்கள்தொகை எண்கள் எண்ணிப் பெற்றவை அல்ல. பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி ஆகியவற்றைக் கொண்டு கணித்துப் பெற்றவை. கணிப்பு குற்றமன்று. அதைக் கணிப்பு என்று சொல்லாமல் விடுவதே குற்றம்.

ஆகவே மாணவ நண்பர்களே, இனி ஒரு மக்கள்தொகை எண்ணைக் கண்டால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த ஊருக்கு உரியது? எதனால் வகுக்கப்பட்டது? எண்ணியதா, கணித்ததா? இவற்றுக்கு விடையை எண்ணின் பக்கத்திலேயே தருவது வெளியிடுவோர் கடமை. அதுவரை கேட்டுக்கொண்டே இருப்பது நம் கடமை.