ரசிகர் மன்றம் இல்லாதவர்கள்

நதியா எக்பாலின் 'வொர்க்கிங் இன் பப்ளிக்' (2020) படித்தேன். ஓப்பன் சோர்ஸ் மென்பொருளை எத்தனை பேர் காப்பி எடுத்தாலும் அது குறையாது. அதைப் பராமரிப்பவரின் பொறுமைதான் குறையும் என்கிறார். சபாஷ்.

சரி, அவருக்குச் சாப்பாடு? நிறுவனங்கள் தரலாம், ரசிகர்கள் தரலாம் என்கிறார். மனசு என்னவோ ரசிகர்கள் பக்கம்தான். அங்கேதான் இடிக்கிறது.

ஜெர்மனியின் வெர்னர் காக், மெயிலை மற்றவர் படிக்காதபடி பூட்டும் ஜிஎன்யூபிஜியை 1997-ல் எழுத ஆரம்பித்தவர். 2013-ல் ஸ்னோடென் நிருபர்களுடன் ரகசியமாகப் பேச உதவியது அதுதான். இத்தனை இருந்தும் காக்குக்கு ரசிகர் மன்றம் கிடையாது. நன்கொடை கேட்டுப் பார்த்தார், வந்தது பற்றவில்லை. 2015-ல் ஒரு செய்தித்தளம் அவர் கஷ்டத்தை எழுதிய பிறகுதான் ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் வருஷத்துக்குத் தலா 50,000 டாலர் தருவதாக அறிவித்தன. பிள்ளை அழுதது போதாமல் பக்கத்து வீட்டுக்காரர் கத்த வேண்டியிருந்தது.

நதியாவின் புத்தகத்தை வெளியிட்டிருப்பதும் அதே ஸ்ட்ரைப்பின் பதிப்பகம்தான். வாழ்க! ஆனால், குழாய் ரிப்பேர் செய்பவருக்குக் கூலி கொடுக்க வேண்டியது அவருடைய ரசிகர்களா, தண்ணீர் பிடிப்பவர்களா? இதை இன்னும் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருக்கலாம்.