அடாப்டர் மட்டும் மிச்சம்

கேபிள் இணைப்பை மாற்றியபோது பழைய செட்டாப் பாக்ஸ் ஒன்று மிச்சமானது. காசு கொடுத்து வாங்கியது, நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. தூக்கிப்போட மனசு வராமல் எம்.கே.பி. நகரில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பரிடம் கொண்டுபோனேன். ''இதைப் புது லைன்ல ஓட வைக்க முடியுமா?''

திருப்பிப் பார்த்துவிட்டு மேஜை மேல் வைத்தார்.

''தொறக்கலாம் சார். தொறந்து இன்னா பண்றது? பொட்டி நல்லாத்தான் கீது. அவங்க லைனுக்கு இது ஆவாது, அவ்ளோதான்.''

இதே மேஜையில் அவர் 90-களில் கேபிள் கன்வெர்ட்டர் கட்டியவர். இளைய வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தக் கால டி.வி.யின் டியூனர் தூர்தர்ஷனை மனதில் வைத்துச் செய்தது. 2 முதல் 12 வரைதான் அதற்குத் தெரியும். 1991 வளைகுடா யுத்தத்தை ஒட்டி கேபிள் பரவி, 1993 ஏப்ரலில் சன் டி.வி.யும் வந்து, சேனல்கள் பெருகின. கேபிள்காரர்கள் 4-க்கும் 5-க்கும் நடுவே இருந்த இடைவெளியிலும், 12-க்கு மேலும் புதுச் சேனல்களை நுழைத்தார்கள். 'எஸ்-பேண்டு' என்பார்கள். பழைய டி.வி.க்கு அது எட்டாது. கன்வெர்ட்டர் அதைப் பிடித்து, டி.வி.க்குத் தெரிந்த ஒரு சேனலாக மாற்றிக் கொடுக்கும். ரிச்சி தெருவில் டியூனர், ஐ.எஃப். பகுதி, மாடுலேட்டர், ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கிவந்து, சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் தயார். எந்த கம்பெனி கேபிளானாலும் ஓடும்.

பிறகு படத்துக்கே பூட்டுப் போட்டார்கள். 'காஸ்' என்ற முறை இந்தியாவிலேயே முதலில் அமலானது நம் சென்னையில்தான், 2003 செப்டம்பர் 1 அன்று. ஆபரேட்டர்கள் வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்பது சேனல்களின் புகார். சந்தா கட்டாமல் பார்ப்பது திருட்டு. பூட்டட்டும், தப்பில்லை. நல்ல கெட்டியான பூட்டும்கூட. சாவி சில விநாடிக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே இருக்கும்; அதைக் கண்டுபிடிக்கும் ரகசியம் பெட்டியில் செருகும் கார்டுக்குள். கன்வெர்ட்டர் கட்டிய கைக்கு அங்கே வேலையில்லை.

என் சண்டை பூட்டோடு அல்ல. பூட்டையும் கதவையும் சேர்த்து வெல்டிங் வைத்துவிட்டார்களே, அதோடு! ரகசியம் ஒரு சின்னக் கார்டில் அடங்கிவிடுகிறது. அப்புறம் டியூனரும் பவர் சப்ளையும் ரிமோட்டும் ஏன் கம்பெனிக்குக் கம்பெனி மாற வேண்டும்? செல்போனில் சிம்மை மாற்றுகிறோம். போனையும் தூக்கிப்போடு என்றால் சும்மா இருப்போமா?

சர்க்காருக்குத் தெரியாத விஷயமில்லை. 2001-ம் வருஷத்து டி.டி.எச். விதிமுறைகளிலேயே, பெட்டி எல்லா நிறுவனங்களுக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது. அதற்காகப் பெட்டியில் ஒரு பொதுச் சொருகுவாயும் வைக்கச் சொன்னார்கள். அதில் செருகும் மாட்யூல் விலைக்குப் புதுப் பெட்டியே வாங்கிவிடலாம் என்று ஆனதால், சொருகுவாயில் தூசிதான் செருகியது. 2020 ஏப்ரலில் டிராய் மறுபடி பரிந்துரை செய்தது. பரிந்துரை டெல்லியில் இருக்கிறது. பெட்டிகள் நம் பரண் மேல் இருக்கின்றன.

செய்ய முடியாத காரியமா? ஐரோப்பாவில் 2002-லேயே, 30 செ.மீ.க்கு மேல் திரை உள்ள டிஜிட்டல் டி.வி. ஒவ்வொன்றிலும் பொதுச் சொருகுவாய் வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அதை ஆதரிக்கும் நிறுவனமாக இருந்தால், மாட்யூலும் கார்டும் வாங்கி டி.வி.யிலேயே செருகிவிடலாம், பெட்டியே வேண்டாம். அங்கேயும் பூட்டு உண்டு, சந்தா உண்டு. யாரும் திவாலாகவில்லை.

நம் ஊரில் கம்பெனி மாறும் உரிமை காகிதத்தில் இருக்கிறது. மாறுவதற்கு விலை ஒரு புதுப் பெட்டி. அந்தச் செலவுக்குப் பயந்தே பல பேர் பிடிக்காத இணைப்பில் காலம் தள்ளுகிறார்கள். யாருக்கு லாபம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கிளம்பும்போது நண்பர் கூப்பிட்டார்.

''சார், பொட்டிய எடுத்துனு போங்க. அந்த அடாப்டர மட்டும் குடுத்துட்டுப் போங்க. பன்னண்டு வோல்ட்டு... எதுக்கு வேணா ஆவும்!''