விரிசல் போகும் வழி

ஆரணி, சந்தவாசல் வட்டாரத்துப் பட்டுப் புடவைகளைப் பார்த்துப் பழகிய கண், கரை முடிந்து உடல் தொடங்கும் கோட்டைத்தான் முதலில் தேடும். கோடு கூராக இருந்தால் புடவைக்கு மதிப்பு. சூட்டில் உழைக்க வேண்டிய பொருளுக்கோ அந்தக் கூர்மைதான் எமன். பீங்கானையும் உலோகத்தையும் அப்படியே ஒட்டிச் சூடேற்றினால் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை. ஒட்டிய இடம் பிளந்துகொள்ளும்.

1984-இல் ஜப்பானின் விண்ணூர்தி ஆய்வாளர்கள் அந்தக் கோட்டையே அழிக்க நினைத்தார்கள். ஒரு முகம் முழுப் பீங்கான், மறுமுகம் முழு உலோகம், நடுவில் எங்கே எது முடிகிறது என்று சொல்ல முடியாத கலவை. 10 மில்லிமீட்டருக்குள் 1000 கெல்வின் வெப்ப வேறுபாட்டைத் தாங்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த இலக்கு.

மூங்கிலுக்கு இது பழைய சங்கதி. அதன் நார் வெளிப்புறம் நெருக்கமாகவும் உட்புறம் தளர்வாகவும் அமைந்தது. கூடை முடைபவர் மூங்கிலைப் பிளக்கும்போது பிளவு ஒருபக்கமாக ஒதுங்கினால், தடித்த பாதியை அதிகம் வளைத்து நடுவுக்குக் கொண்டுவந்துவிடுவார். விரிசலை ஓட்டத் தெரிந்த கை அது.

காகிதத்தில், கணக்காக, விரிசலை ஓட்டுவதுதான் பெரும்பாடு. ஒரே சீரான தகட்டை நேராக இழுத்தால் விரிசலும் நேராகப் போகும் என்று நம்பலாம். படிப்படியாக மாறும் பொருளில் அந்த நம்பிக்கை செல்லாது. எப்பாக்சிப் பிசினில் கண்ணாடி மணிகளைக் கூட்டியும் குறைத்தும் கலந்து ரூசோ, டிப்பூர் என்ற ஆய்வாளர்கள் செய்த சோதனையில், விரிசல் நெகிழ்வான பக்கமாகத் திரும்பியது. அந்தத் திருப்பத்தைக் கணக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சென்னை ஐஐடியின் ஹிர்ஷிகேஷ், சுந்தரராஜன் நடராஜன், ரத்னகுமார் அன்னபத்துலா ஆகியோரும் அப்போது கேம்பிரிட்ஜில் இருந்த எமிலியோ மார்டினெஸ்-பன்யேடாவும் 2019-இல் வெளியிட்ட கட்டுரையில் ரசிக்க வேண்டியது, இதற்கு அவர்கள் எடுத்த வழி. அவர்கள் விரிசலைக் கோடாக வரையவில்லை. துணியில் ஊறும் சாயம்போலப் பரவவிட்டார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்: 0 என்றால் முழுசு, 1 என்றால் முறிந்தது, இடைப்பட்டது நைந்தது. விறைப்பும் முறிவைத் தாங்கும் திறனும் இடத்துக்கு இடம் மாறும். விரிசல் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று யாரும் தனியாகக் கட்டளை இடுவதில்லை. புதுப்பரப்பை உண்டாக்க ஆகும் ஆற்றல் செலவு என்று 1921-இல் கிரிஃபித் என்ற பொறியாளர் எழுதிவைத்த கணக்கை வைத்து, விரிசல் தன் வழியைத் தானே கண்டுபிடிக்கிறது. எல்லை மங்கிய பொருளுக்கு எல்லை மங்கிய விரிசல்! பொருத்தம் என்றால் இதுதான்.

குறையும் உண்டு. சாயம் ஊறும் பட்டையின் அகலத்துக்குள் பல கண்ணிகள் அடங்கும்படி, கணக்குக்காகப் பொருளின்மேல் விரிக்கும் வலையைப் பொடியாகப் பின்ன வேண்டும், கணினி திணறும். அந்த அகலத்தை எவ்வளவு வைப்பது என்ற சச்சரவும் ஓயவில்லை.

சந்தவாசல் பக்கம் போகிறவர்கள் பட்டு பார்த்த கையோடு ஒரு மூங்கில் துண்டின் வெட்டுமுகத்தையும் பாருங்கள். வெளிவிளிம்பில் நார்களின் கரும்புள்ளிகள் நெருங்கி நிற்கும். உள்ளே போகப் போகக் கலையும். எந்த இடத்தில் கலையத் தொடங்குகின்றன என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா, பாருங்கள்.